ஒரு ஜோடி சாக்ஸ்... 24 ஆயிரம் கண்ணி!

ஃபிரெண்ட்ஸ், முதல்ல ஒரு சின்ன வேலை. நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட கீழ் ஓரத்தை லேசாப் பிடிச்சு, கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு வந்து பாருங்க. (பஸ்ல இருந்தா வேணாம், பக்கத்து சீட்காரர் தப்பா நினைச்சுப்பார்!) வெளிப்பக்கம் குட்டிக் குட்டியா ‘வி’ எழுத்து வரிசை கட்டி நிக்குதா? உள்பக்கம் மேடு மேடா பிறை நிலா மாதிரி தெரியுதா? அதுதான் பின்னல்.

சட்டைத் துணியும் வேட்டியும் நெசவு. அதுல பாவு நூல் நெடுக்கா நிக்கும், ஊடை நூல் குறுக்கே போகும். பின்னல் அப்படி இல்லை. ஒரே நூல் ஒரு கண்ணி போடும், அந்தக் கண்ணிக்குள்ள தானே நுழைஞ்சு இன்னொரு கண்ணி போடும். அதனாலதான் பனியனை இழுத்தா நீளுது, வேட்டியை இழுத்தா கிழியுது.

இந்த ரெண்டு வித்தையும் எனக்கு ஒரே வீட்ல கிடைச்சுது. எங்க ஊர் மங்கலம். திருப்பூர்ல இருந்து சோமனூர் போற ரோட்டுல, நொய்யல் ஓரமா இருக்கு. தறிச் சத்தம் நின்னாதான் எங்களுக்குத் தூக்கம் கலையும். எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) 40 வருஷம் விசைத்தறியில காடா துணி ஓட்டினவர். அம்மா பனியன் கம்பெனியில செக்கிங். ஊருக்கெல்லாம் துணி போட்ட குடும்பம். ஆனா அப்பிச்சி காலுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கிடைக்கலை. அந்தக் கதைதான் இந்த வாரம்.

நான் மூணாவது வருஷம் பி.காம். படிச்சப்போ நடந்தது. அப்பிச்சிக்கு 15 வருஷமா சுகர். ஒருநாள் சாயங்காலம் வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் தரையில சிவப்புப் புள்ளி. அம்மா பதறிப்போய் பார்த்தா, அப்பிச்சியோட உள்ளங்கால்ல ஒரு கம்பித் துண்டு குத்தி நிக்குது. அவரோ டி.வி. பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். வலிக்கவே இல்லையாம்! சுகர் முத்தினா கால் நரம்பு மரத்துப் போகும். குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. அந்தப் புண் ஆற ரெண்டு மாசம் ஆச்சு.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். வீட்டுக்குள்ளயும் வெறுங்காலோட நடக்காதீங்க. தினமும் உள்ளங்காலைப் பாருங்க. சாக்ஸ் போட்டா மேல இறுக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக் கூடாது, உள்ளே தடிச்ச தையல் கூடாது, நிறம் வெள்ளையா இருக்கணும். ஏன் வெள்ளை? ரத்தமோ சீழோ கசிஞ்சா உடனே கண்ணுக்குத் தெரியணும்.

கடைக்குப் போனேன். ஸ்கூல் யூனிபார்ம் சாக்ஸ் எல்லாம் கணுக்காலுக்கு மேல வளையம் போட்ட மாதிரி தடம் பதிக்குது. விரல் பக்கத்துல கயிறு மாதிரி ஒரு தையல். மெடிக்கல் ஷாப்ல சுகர்காரங்களுக்குன்னே தனியா சாக்ஸ் இருந்துச்சு. வாங்கிட்டு வந்தேன். அப்பிச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “ஆசுபத்திரிச் சாமானாட்ட இருக்குது கண்ணு”ன்னு சொல்லி பீரோவுக்குள்ள வெச்சுட்டார். வைத்தியத்துக்கு ஒத்துக்குவார். வியாதிக்காரனா வேஷம் போட ஒத்துக்க மாட்டார்.

“அப்பிச்சி, நானே பின்னித் தரட்டுங்களா?” சத்தமாத்தான் கேட்டேன். 40 வருஷத் தறிச் சத்தத்துல அவருக்குக் காதும் மந்தம்.

“மெஷின் இத்தன இருக்கறப்ப கையில எதுக்குடா கண்ணு?”

கேள்வி நியாயம்தான். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் நிட்டிங் மெஷின்ல சுமார் 2,260 ஊசி இருக்கும். 90 ஃபீடர் இருந்தா, ஒரு சுத்துக்கு ரெண்டு லட்சம் கண்ணி! நான் கையில பின்னப் போற சாக்ஸ் ஒண்ணுக்கு சுமார் 12 ஆயிரம் கண்ணி, ஜோடிக்கு 24 ஆயிரம். மெஷின் நிமிஷத்துக்கு 25 சுத்து ஓடினா, அத்தனை கண்ணியும் நீங்க ஒரு தடவை கண் சிமிட்டற நேரத்துல முடிஞ்சிடும். எனக்கு ஆனது ஏழு வாரம். இதுல அப்பிச்சி ஜெயிச்சுட்டார்.

ஆனா ஒரு மேட்டர் சொல்றேன் கேளுங்க. அந்த மெஷினோட கொள்ளுத்தாத்தாவே ஒரு சாக்ஸ் மெஷின்தான்! 1589-ல இங்கிலாந்துல வில்லியம் லீங்கற பாதிரியார், காலுறை பின்னறதுக்காக ஒரு மெஷின் கண்டுபிடிச்சார். எலிசபெத் ராணிகிட்ட உரிமை கேட்டார். கையால பின்னிப் பிழைக்கிற ஏழைங்க வயித்துல அடிக்க மாட்டேன்னு ராணி மறுத்துட்டாங்கன்னு சொல்வாங்க. மனுஷன் பிரான்ஸுக்குப் போனார். அங்கே ஆதரிச்ச நாலாம் ஹென்றி மன்னர் 1610-ல கொலையாக, லீயும் கொஞ்ச வருஷத்துல அங்கேயே செத்துப் போனார். பிறகு 1811-ல நாட்டிங்ஹாம் பக்கம், கூலி குறைஞ்சு போன தொழிலாளிங்க ராத்திரியில புகுந்து உடைச்சதும் இந்தக் காலுறை மெஷின்களைத்தான். ‘லுட்டைட்’னு சரித்திரப் புத்தகத்துல வருதே, அவங்களேதான். இன்னிக்கு திருப்பூர்ல ஓடற ஒவ்வொரு நிட்டிங் மெஷினுக்கும் பூர்வீகம் ஒரு காலுறைதான்.

சரி, வேலைக்கு வருவோம். நோட் பண்ணிக்குங்க.

நூல்: பனியன் நூல் ரொம்ப மெல்லிசு. ‘30ஸ்’னு சொல்றாங்களே, அதுக்கு அர்த்தம், 840 கஜம் நீள நூல்கண்டு 30 சேர்ந்தாதான் ஒரு பவுண்டு எடை. அதைத் தனியா பின்னினா கொசுவலைதான். நான் கோன்ல மிச்சமான சாயம் போடாத நூலைக் கேட்டு வாங்கி, 12 இழையை ஒண்ணாச் சேர்த்தேன். ஜோடிக்கு 100 கிராம் தாராளம். சாயம் போடாத பருத்தியில இயற்கையான மெழுகு இருக்கும், தண்ணியை உறிஞ்சாது. அதனால சிட்டம் சுத்தி, வாஷிங் சோடா போட்டுக் கொதிக்க வெச்சு, அலசிக் காய வெச்சேன். சுருங்கறதும் அப்பவே சுருங்கிடும். சாயத்தால நொய்யல் பட்ட பாடும், 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சாயமே இல்லாத சாக்ஸ்னா அந்தக் கவலையும் இல்லை.

ஊசி: ரெண்டு முனையும் கூரா இருக்கிற 2.5 மி.மீ. ஊசி அஞ்சு. நாலு ஊசியில ஊசிக்கு 16 கண்ணி, மொத்தம் 64. அஞ்சாவது ஊசி பின்னறதுக்கு.

மேல் பட்டி: ரெண்டு நிட், ரெண்டு பர்ல்னு மாத்தி மாத்தி 4 செ.மீ. இதுதான் ரிப். உங்க டி-ஷர்ட் கழுத்துப் பட்டியில இருக்கிறதோட அண்ணன். எலாஸ்டிக் இல்லாமலே பிடிக்கும், ஆனா நெரிக்காது. அப்புறம் 8 செ.மீ. வெறும் நிட்.

குதிகால்: பாதிக் கண்ணி, அதாவது 32-ஐ மட்டும் முன்னும் பின்னுமா 32 வரிசை பின்னினா ஒரு சதுரத் துண்டு வரும். அடுத்து நடுவுல இருந்து ஆரம்பிச்சு, வரிசைக்கு ஒரு கண்ணி குறைச்சு குறைச்சுத் திரும்பினா, துணி தானா கிண்ணம் மாதிரி குழியும். (அந்த நிமிஷம் இருக்கே... செமஸ்டர்ல பாஸான மாதிரி!) இப்போ 18 கண்ணி மிஞ்சும். சதுரத்தோட ரெண்டு ஓரத்துலயும் 16, 16 எடுத்தா, மேல்பக்கத்து 32-ஓட சேர்த்து 82. ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து ரெண்டு ரெண்டாக் குறைச்சா ஒன்பது தடவையில பழையபடி 64.

பாதம்: விரல் நுனிக்கு 6 செ.மீ. முன்னாடி வரைக்கும் நேராப் பின்னுங்க. பிறகு ஒரு சுத்து விட்டு ஒரு சுத்து நாலு நாலாக் குறைங்க. 16 கண்ணி நிக்கும்போது மேல எட்டு, கீழ எட்டு. தைக்கிற ஊசியால கண்ணியோட கண்ணி கோத்து மூடினா, தையலே தெரியாது. விரல்ல எதுவும் உறுத்தாது. நமக்கு வேண்டியது அதுதான்.

படிக்கறதுக்குச் சுலபம். எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் சாக்ஸ் முடிச்சு அப்பிச்சிக்குப் போட்டுப் பார்த்தா, மேல் ஓரம் கடை சாக்ஸைவிட மோசமா இறுக்குது. ஆரம்பக் கண்ணிகளை பயத்துல இறுக்கி இழுத்துட்டேன். ரெண்டு வார வேலை. மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்பிச்சி சாக்ஸை வாங்கி, முனையை உருவி இழுத்தார். சரசரன்னு ஒரே நூலா வந்துச்சு. “நெசவுல தப்பு வந்தா துணி போச்சு. இது பரவால்லடா, மறுபடி நூலாவே ஆகுது”ன்னு சிரிச்சார். ரெண்டாவது தடவை, ஆரம்பக் கண்ணியை மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியில போட்டேன். சரியா வந்துச்சு.

இன்னொரு சிக்கல், முடிச்சு. பாதி வழியில நூல் தீர்ந்துச்சு. முடிச்சுப் போட்டா அது காலுக்கடியில கல்லு மாதிரி. தறியில அறுந்த நூலை கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடியற மனுஷன், இங்கே முடிச்சே வேணாம்னுட்டார். “பன்னெண்டு இழையையும் ஒரே எடத்துல ஏன் அறுக்கற? ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு எடத்துல அறுத்து, புது இழையை ஒரு சாண் சேர்த்துப் பின்னு. எங்க சேர்ந்துச்சுன்னு உனக்கே தெரியாது.” அப்படியே செஞ்சேன். தடவிப் பார்த்தா நிஜமாவே தெரியலை. யூடியூப்ல நான் பார்த்த எந்த வீடியோவுலயும் இது இல்லை பாஸ்!

காலேஜ்ல ஓட்டாம விடுவாங்களா? “என்னடா, பாட்டி வேலை பார்க்கறே?” ஐரோப்பாவுல ஒரு காலத்துல பின்னறதுக்குன்னு ஆம்பளைங்க சங்கமே நடத்தினாங்க, திருப்பூர்ல நிட்டிங் மெஷின் ஓட்டறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான்னு லெக்சர் அடிச்சேன். யாரும் கேட்கலை. ஆனா கிண்டல் பண்ண கும்பல்ல ஒருத்தன் மட்டும் தனியா வந்து, “எங்கம்மாவுக்கும் சுகர்டா... அளவு எப்படி எடுக்கறது?”ன்னான். அவனுக்கு என் பழைய ஊசியைக் குடுத்தேன்.

அப்பிச்சி அந்த சாக்ஸைப் போட்டார். பீரோவுக்குள்ள வைக்கலை. வர்றவங்ககிட்ட எல்லாம் காலை நீட்டி, “பேரன் போட்டது, முப்பதாம் நெம்பர் நூலு, பன்னெண்டு இழை”ன்னு கணக்கு சொன்னார். அம்மா தினமும் துவைக்கணுமேன்னு ரெண்டாவது ஜோடியும் பின்னினேன்.

நாலு மாசம் கழிச்சு ஒருநாள் ராத்திரி. சாக்ஸைக் கழட்டின அம்மா, “இங்க வாடா”ன்னாங்க. இடது சாக்ஸ்ல சுண்டுவிரல் பக்கம் ஒரு பழுப்புக் கறை. சுண்டைக்காய் அளவுதான். செருப்பு வார் உரசி தோல் கிழிஞ்சிருக்கு. அப்பிச்சிக்கு அப்பவும் தெரியலை. மறுநாள் காலையிலயே டாக்டர்கிட்ட போனோம். ஒரே வாரத்துல ஆறிடுச்சு. முதல் தடவை ரெண்டு மாசம், இந்தத் தடவை ஒரு வாரம். வித்தியாசம், ஒரு நாள் முன்னாடி பார்த்தது மட்டும்தான்.

சாக்ஸ் வைத்தியம் இல்லை, ஃபிரெண்ட்ஸ். மாத்திரைக்கும் டாக்டருக்கும் பதில் அது ஆகாது. டைல்ஸ் தரையில வெறும் சாக்ஸோட நடந்தா வழுக்கும், மேல செருப்பு வேணும். தினமும் மாத்தணும், உள்ளே கையை விட்டு நூல் எங்கேயாவது தொங்குதான்னு பார்க்கணும். அதைவிட முக்கியம், கழட்டும்போது ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்க்கணும். நான் பின்னின 24 ஆயிரம் கண்ணியால எங்க வீட்டுக்கு வந்தது இந்தப் பழக்கம்தான்.

இந்த வாரம் உங்களுக்கு ஹோம்வொர்க். ஊசி, நூல் எல்லாம் மெதுவா வாங்கிக்கலாம். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், தாத்தாவோ, அம்மாவோ, அப்பாவோ... ஒரு டேப் எடுத்து அவங்க பாதத்தோட சுற்றளவையும் நீளத்தையும் அளந்து எழுதுங்க. “எதுக்குடா?”ன்னு கேட்பாங்க. பதில் அப்புறம் சொல்லிக்கலாம். அளக்கற சாக்குல உள்ளங்காலையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

கடைசியா எப்போ பார்த்தீங்க?