கம்ப்ரசர் வாங்கப் போறீங்களா? டேங்கைப் பார்க்காதீங்க, காற்றைப் பாருங்க

டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க எல்லாம் இப்போ ஒரு கேள்வி கேட்கறாங்க. "வீட்டுல சின்னச் சின்ன ரிப்பேரை நானே பார்க்கலாம்னு இருக்கேங்க. ஒரு ஏர் கம்ப்ரசர் வாங்கணும். எது வாங்கலாம்?" நான் மெக்கானிக் இல்லைங்க, விவசாயி. ஆனா தென்னந்தோப்பு வச்சிருக்கிறவன் பாதி மெக்கானிக் ஆகாம காலம் தள்ள முடியாது. அந்த அனுபவத்துல என் அபிப்ராயத்தைச் சொல்றேன்.

எங்க கொங்குப் பக்கம் கம்ப்ரசர்னு சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது போர்க்கிணத்து கம்ப்ரசர்தான். போருக்குள்ள ஒரு குழாய் வழியா காற்றை அடிச்சு விட்டா, தண்ணியோட காற்றுக்குமிழி கலந்து, தண்ணி எடை குறைஞ்சு இன்னொரு குழாய் வழியா மேல வரும். போருக்குள்ள சுத்துற பாகம் எதுவும் இல்லாததால மணல் வந்தாலும், தண்ணி கொஞ்சமா ஊறினாலும் கெட்டுப் போகாது. கரண்டு மட்டும் நிறைய தின்னும். கோயம்புத்தூர்ல இதைச் செய்யற பட்டறைங்க நிறைய இருக்கு. அது வேற சாமான். மூணு ஃபேஸ் கரண்டுல தோட்டத்துல ஓடுறது. நான் இங்க சொல்லப் போறது வீட்டுத் திண்ணை ஓரமா, சிங்கிள் ஃபேஸ்ல ஓடுற சின்ன கம்ப்ரசரைப் பத்தி.

கடைக்குப் போனதும் கடைக்காரர் ரெண்டு விஷயம் சொல்லுவார். டேங்க் எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை ஹெச்பி. நம்மாளும் பெரிய டேங்கா, கூட ஹெச்பியா பார்த்து வாங்கிட்டு வந்துடுவார். நான் சொல்றது, இந்த ரெண்டையும் அப்புறமா பாருங்க. முதல்ல கேட்க வேண்டியது, நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று வெளிய தருதுங்கிறது. அதைத்தான் சிஎஃப்எம்னு சொல்றாங்க. ஒரு சிஎஃப்எம்னா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 28 லிட்டர் காற்று.

இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற சிஎஃப்எம் பல நேரம் பிஸ்டன் இழுக்கிற கணக்கு. அழுத்தத்தோட வெளிய வர்ற காற்று அதுல முக்கால் பங்கு இருந்தாலே பெருசு, பலதுல இன்னும் குறைவு. இந்த வெளிய வர்ற கணக்குக்கு எஃப்ஏடின்னு பேரு. "எஃப்ஏடி எவ்வளவுங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க விவரம் தெரிஞ்ச ஆளுன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சுடும், பேச்சும் மாறிடும்.

டேங்க் ஏன் அப்புறம்னு சொல்றேன். டேங்க்ங்கிறது வெறும் குடம். குடம் பெருசா இருந்தா கிணத்துல ஊத்து பெருசாகிடாதுல்ல? 24 லிட்டர் டேங்க்ல 8 பார் காற்று நிறைச்சு வச்சிருக்கீங்க. அது 6 பாருக்கு இறங்கற வரைக்கும் உங்களுக்குக் கிடைக்கிறது 48 லிட்டர் காற்று. தூசி ஊதற ஏர் கன்னை அழுத்திப் பிடிச்சா அது கால் நிமிஷம் வர்றதே கஷ்டம். 50 லிட்டர் டேங்க்கா இருந்தா அரை நிமிஷம். அதுக்கப்புறம் ரெண்டும் ஒண்ணுதான், மோட்டார் எவ்வளவு தருதோ அவ்வளவுதான். பெரிய டேங்க்னால மோட்டார் அடிக்கடி ஆன் ஆகாது, அது ஒரு நன்மை. ஆனா காலி டேங்க் நிறைய அதிக நேரம் ஆகும். அவசரத்துக்கு ஒரு டயருக்குக் காற்று பிடிக்க அஞ்சு நிமிஷம் நிக்கணும்.

சரி, நமக்கு எவ்வளவு காற்று வேணும்? டிராக்டர் பின் டயரையே எடுத்துக்கலாம். உள்ள சுமாரா 200 லிட்டர் இடம் இருக்கிற டயர்னு வச்சுக்குங்க. உழவுக்கு அதுல 15 பிஎஸ்ஐ காற்று போதும். அதுக்கு வெளிக்காற்று 200 லிட்டர் உள்ள போகணும். நிஜமா 3 சிஎஃப்எம் தர்ற கம்ப்ரசர் நிமிஷத்துக்கு 85 லிட்டர் தரும், மூணு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. கார் டயர் ரொம்பச் சின்னது, அதுல 30லிருந்து 35 பிஎஸ்ஐ போதும். ஆக டயருக்குக் காற்று, ரேடியேட்டர் தூசி, பவர் வீடர், பிரஷ் கட்டர் சுத்தம், சின்ன ஸ்பிரே கன் இதுக்கெல்லாம் 3 சிஎஃப்எம் போதுமுங்க. ஒரு ஹெச்பி மோட்டார் அதைத் தரும்.

எது முடியாதுங்கிறதையும் சொல்லணும். காருக்கு முழுசா பெயிண்ட் அடிக்கிற பெரிய ஸ்பிரே கன் 8லிருந்து 12 சிஎஃப்எம் கேட்கும். வீட்டு கம்ப்ரசர் அதுக்கு மூச்சு வாங்கிடும், பெயிண்ட் திட்டுத் திட்டா விழும். வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னா பிரஷ்ஷே போதும். டிரெய்லர் நட்டைக் காற்றுல கழட்டுற இம்பாக்ட் ரெஞ்சும் அப்படித்தான். ரெண்டு நட்டு கழண்டதும் காத்துக்கிட்டு நிக்கணும். அதுக்கு நீள பைப் மாட்டின வீல் ஸ்பேனர் மேல்.

அடுத்தது ஆயில் ஊத்தறதா, ஆயில் இல்லாததா? டவுன்ல அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு ஆயில் இல்லாத சைலண்ட் வகை நல்லது. சத்தம் குறைவு, தூக்கி வைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். ஆனா அதுல ரிங் தேய்ஞ்சு போச்சுன்னா பெரும்பாலும் தலையோட மாத்தணும், இல்லன்னா மிஷினையே மாத்தணும். கிராமத்து வீட்டுக்கு என் ஓட்டு பெல்ட்ல ஓடுற ஆயில் வகைக்குத்தான். விலை கூட, எடையும் கூட. ஆனா மோட்டார் வேகத்துக்குப் பாதி கூட இல்லாம பம்ப் மெதுவா சுத்தும், அதனால சூடும் தேய்மானமும் குறைவு. ரிங், வால்வு பிளேட், கேஸ்கெட் எல்லாம் தனித்தனியா கிடைக்கும். மோட்டார் எரிஞ்சா காயில் கட்டறவர் பக்கத்து ஊர்லயே இருப்பார். நானே ரிப்பேர் பார்க்கணும்னு வாங்கற மிஷினை, ரிப்பேர் பார்க்க முடியாத மிஷினா வாங்கறதுல என்னங்க அர்த்தம்?

ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும் மட்டும் இருக்கிறவங்களுக்கு கம்ப்ரசரே வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. கார்ல சொருகற 12 வோல்ட் சின்ன காற்றடிப்பான் போதும். வருஷத்துக்கு நாலு தடவை தொடப் போற சாமானுக்கு வீட்டுல ஒரு மூலையை ஏன் கொடுக்கணும்?

கிராமத்துல கதை வேற. பஞ்சர் கடை நாலு மைல் தள்ளி இருக்கும். காற்று இறங்கின டிரெய்லரை உருட்டிக்கிட்டே கடைக்குப் போனா டயர் ஓரம் கிழிஞ்சுடும். காற்றுக்காகப் போனது, டயர் செலவுல முடியும். இருந்தாலும் நான் கம்ப்ரசர் வேணும்னு சொல்றதுக்கு முதல் காரணம் டயர் இல்லைங்க. மருந்தடிக்கிற தெளிப்பான்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. மருந்து அடிச்சுக்கிட்டு இருக்கும்போது நாசில் அடைச்சுக்கும். துளை ஊசிமுனை அளவு, ஒரு சின்ன தூசி போதும். அந்த நேரத்துல காட்டுல நிக்கிற ஆள் என்ன பண்ணுவார்? நாசிலைக் கழட்டி, வேட்டியில ஒரு துடை துடைச்சு, வாயில வச்சு ஊதுவார். பூச்சி சாகறதுக்காகக் கலக்கின விஷம், நேரா உதட்டுல. படிச்சவங்களும் பண்றாங்க, கூலிக்கு வர்றவங்களும் பண்றாங்க. மருந்து டப்பாவுல மண்டை ஓடு போட்டிருக்கு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா வெயில் ஏறுது, இன்னும் பத்து டேங்க் அடிக்கணும், கூலி நேரக் கணக்கு. வாய்தான் கைக்கு எட்டுற கம்ப்ரசர்.

வீட்டுல ஒரு கம்ப்ரசர் இருந்தா, மருந்தடிக்கிறதுக்கு முந்தின நாளே நாசில், வடிகட்டி எல்லாத்தையும் தண்ணியில கழுவி, குறைஞ்ச அழுத்தத்துல ஊதித் துப்புரவா வச்சுடலாம். அப்போ காட்டுல அடைக்கிறது பெரும்பாலும் நின்னு போகும். ஊதும்போது துளி தெறிக்கும், அதனால கண்ணாடியும் கையுறையும் போட்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கமா பிடிச்சு ஊதணும். கம்ப்ரசர் வாங்க வசதி இல்லாதவங்க ரெண்டு நாசில் ஸ்பேரா வாங்கி, ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் ஒரு பாட்டில் தண்ணியையும் காட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அதுவே உயிரைக் காக்கும். வாயை மட்டும் வைக்காதீங்க.

வாங்கினதுக்கப்புறம் கரண்டு விஷயம் ஒண்ணு. எங்க பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிடும். மோட்டார் கிளம்பற நேரத்துல, ஓடும்போது இழுக்கிறதைப் போல பல மடங்கு கரண்டு இழுக்கும். மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயரை முப்பதடி இழுத்து கம்ப்ரசரை ஓட்டாதீங்க, மோட்டார் உறுமிக்கிட்டே நின்னு கருகிடும். 16 ஆம்ப் பிளக்குல நேரா மாட்டிட்டு, காற்றுக் குழாயை நீளமா வாங்குங்க. அப்புறம், மோட்டார் நிக்கும்போது ஒரு சின்ன "புஸ்" சத்தம் கேட்கணும். பம்ப் தலையில நிக்கிற காற்றை வெளிய விடற சத்தம் அது. கேட்கலன்னா அடுத்த தடவை மோட்டார் பாரத்தோட கிளம்பணும். நிக்காம புஸ்ஸுன்னு வந்துக்கிட்டே இருந்தா என்ஆர்வி போயிடுச்சுன்னு அர்த்தம். ஒரு மணி நேரம் ஓட்டினா சுமாரா ஒரு யூனிட் கரண்டு, பயப்பட வேண்டாம். ஆனா பம்ப்செட்டுக்கு கவர்மெண்ட் தர்ற இலவச கரண்டுல இதை மாட்டாதீங்க. அது தண்ணி இறைக்கத் தந்தது.

இனி ஆபத்தைச் சொல்லணும். காற்றை அழுத்தினா அதுல இருக்கிற ஈரம் தண்ணியா டேங்க் அடியில தங்கும். அதைத் திறந்து விடலன்னா உள்ளுக்குள்ளேயே துரு அரிக்கும். வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள தகடு காகிதமா ஆகியிருக்கும். ஒரு நாள் வெடிக்கும். அதனால வேலை முடிஞ்சதும் அடி வால்வைத் திறந்து தண்ணியை வடிச்சு விடுங்க. சேஃப்டி வால்வு வளையத்தை அப்பப்போ இழுத்துப் பாருங்க. டேங்க்ல ஓட்டை விழுந்தா வெல்டிங் வச்சு ஒட்டாதீங்க, தூக்கிப் போடுங்க. பழைய டேங்க்கை மலிவா வர்றதுன்னு வாங்காதீங்க. பழைய கேஸ் சிலிண்டரும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் சேர்த்து வீட்டுலயே செய்யலாம்னு வீடியோ பார்த்துட்டு எங்க ஊர்ப் பசங்களும் கேட்கறாங்க. பசங்க கைவேலை எனக்குப் பெருமைதான். ஆனா சேஃப்டி வால்வு இல்லாத சிலிண்டர் பக்கத்துல என் பேரப்பிள்ளையை நிக்க விட மாட்டேன். உங்க பிள்ளையையும் விடாதீங்க.

டயர் ரிம்முல உட்காரலன்னா காற்றை ஏத்திக்கிட்டே போகாதீங்க. டிராக்டர் டயருக்கு 35 பிஎஸ்ஐக்கு மேல போகக் கூடாது. காற்றை இறக்கி, ஓரத்துல சோப்புத் தண்ணி தடவி, மறுபடி பிடிங்க. டயருக்கு நேர் முன்னால குனிஞ்சு நிக்காதீங்க. மீட்டர் இல்லாம கையால அமுக்கிப் பார்த்து அடிக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க. டிராக்டர் ஏர் ஃபில்டர் பேப்பர் வகையா இருந்தா, 30 பிஎஸ்ஐக்குக் கீழ வச்சு உள்ளிருந்து வெளிய ஊதணும். முழு அழுத்தத்துல அடிச்சா பேப்பர் கிழிஞ்சு, அப்புறம் தூசி நேரா இன்ஜினுக்குப் போகும்.

இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் சட்டைத் தூசியைக் காற்றால ஊதிக்கிற பழக்கம். கண்ணும் காதும் போயிடும், காயத்து வழியா காற்று தோலுக்குள்ள புகுந்துடும். விளையாட்டுக்குக் கூட வேலை செய்யற ஆள் பின்பக்கம் காற்றை அடிச்சு, குடல் கிழிஞ்சு செத்துப் போன செய்தி நம்ம நாட்டுப் பத்திரிகைகள்ல பல தடவை வந்திருக்கு. கம்ப்ரசர் வீட்டுக்கு வர்ற அன்னைக்கே பிள்ளைங்களை உட்கார வச்சு இதைச் சொல்லிடுங்க.

நாலு வீடு சேர்ந்து ஒண்ணு வாங்கலாமான்னு சிலர் கேட்கறாங்க. யோசனை நல்லதுதான், ஒரு தெருவுக்கு ஒண்ணு இருந்தாலே தாராளம். ஆனா பொதுவுல வாங்கின சாமானுக்கு ராத்திரி தண்ணி வடிச்சு விட ஆள் இருக்காதுங்க. ஒருத்தர் வாங்கட்டும், அவர் பொறுப்புல இருக்கட்டும், மத்தவங்க வந்து காற்று பிடிச்சுட்டுப் போகட்டும். பதிலுக்கு ஒரு தார் வாழைக்காயோ, ரெண்டு ஆள் வேலையோ கொடுத்தா கணக்கு சரியாப் போகும்.

கடைக்குப் போறப்போ இவ்வளவு கேட்டா போதும்: எஃப்ஏடி எத்தனை சிஎஃப்எம்? மோட்டார் காயில் செம்புக் கம்பியா? ரிங்கும் வால்வு பிளேட்டும் உங்க கடையிலேயே இருக்கா, எடுத்துக் காட்டுங்க. கெட்டுப் போனா பார்க்கிற ஆள் எந்த ஊர்ல இருக்கார்? இந்த நாலுக்கும் தடுமாறாம பதில் சொல்ற கடையில, நூறு இருநூறு கூடப் போனாலும் வாங்குங்க. அப்படியே ஒரு பிரஷர் மீட்டரும், ஒரு கண்ணாடியும் சேர்த்து வாங்கிட்டு வாங்க.