அரை மில்லிமீட்டரில் போகும் மூன்று சென்ட்

வாடிப்பட்டிப் பக்கம் ஒரே நிலத்துக்கு நான்கு அளவு. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். பத்திரத்தில் சென்ட். பழைய புலப்படத்தில் லிங்க்ஸ். கொத்தனார் டேப்பில் அடி. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாய்ந்த வயல்கள் திண்டுக்கல் நான்குவழிச் சாலையை ஒட்டி மனைகளாகிக்கொண்டிருக்கும் ஊர் இது. இந்த நான்கு அளவையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலை கடைசியில் ஆட்டோகேட் வரைபட மென்பொருள் தெரிந்த ஒரு இளைஞரின் தலையில் விழுகிறது.

அவர் அதைச் செய்யும் விதம் பெரும்பாலும் இதுதான். புலப்படத்தின் ஜெராக்ஸை ஸ்கேன் செய்து, அல்லது வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவையே திரையில் போட்டு, அதன் மேல் கோடு இழுக்கிறார். பிறகு ‘ஸ்கேல்’ கட்டளை. அதில் ‘ரெஃபரன்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஏதாவது ஒரு வரப்பின் இரு முனைகளைத் தொட்டுக்காட்டி, இது 63.6 மீட்டர் என்று சொன்னால் போதும், மொத்தப் படமும் அதற்கேற்பப் பெரிதாகிவிடும். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். அருமையான வசதிதான், அதனாலேயே ஆபத்தானதும்கூட.

63.6 மீட்டர் என்பது ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம். 1:2000 அளவுத்திட்டத்தில் வரைந்த தாளில் அது வெறும் 3.2 சென்டிமீட்டர். பேனாக் கோட்டின் தடிமனால் முனையை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளித் தொட்டால் தரையில் ஒரு மீட்டர் தள்ளிப்போகும். நீளத்தில் ஒன்றரை சதவீதப் பிழை, பரப்பில் மூன்று சதவீதமாகும். ஒரு ஏக்கரில் மூன்று சென்ட் போயிற்று. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால், மூன்று சென்ட் 1,300 சதுர அடிக்கு மேல். 30க்கு 40 மனை ஒன்றையே விழுங்கிவிட்டு, திரையில் கோடுகள் மட்டும் துல்லியமாக நிற்கும்!

சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோ என்றால் இன்னும் மோசம். தூரத்து வரப்பு குறுகியும் கிட்டத்து வரப்பு நீண்டும் விழுந்திருக்கும். ஸ்கேல் கட்டளை எல்லாத் திசையிலும் ஒரே எண்ணால்தான் பெருக்கும், கோணலை நிமிர்த்தாது.

புலப்படம் உருவான முறையைத் தெரிந்துகொண்டால் இந்தக் குறுக்கு வழியே தேவைப்படாது. சர்வேயர்கள் வயலை முக்கோணங்களாகப் பிரித்தார்கள். அவற்றின் பக்கங்களை ‘ஜி லைன்’ என்று சங்கிலி பிடித்து அளந்தார்கள். வளைந்த வரப்புகளுக்கு அந்தக் கோட்டிலிருந்து ஆஃப்செட், அதாவது செங்குத்துத் தூரம், எடுத்தார்கள். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் ஒரே ஒரு வடிவத்தில்தான் அமையும். ஆகவே சாட்சி சொல்பவை புலப்படத்தில் குறித்த அந்த அளவு எண்கள். கோடுகள் அவற்றின் நிழல். அதே எண்களை ஆட்டோகேட்டில் இட்டு, இரண்டு வட்டங்கள் வெட்டும் இடத்தில் மூன்றாவது முனையைப் பிடித்து வரைந்தால் படத்தை இழுத்துப் பெரிதாக்கவே வேண்டாம்.

படத்தை மொத்தமாகப் பெருக்குவது நியாயமான இடமும் உண்டு. லிங்க்ஸில் வரைந்ததை அடிக்கு மாற்றும்போது 0.66 என்று கொடுக்கலாம். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்த 66 அடிச் சங்கிலியில் நூறு கண்ணிகள். ஒரு கண்ணி ஒரு லிங்க். ஆயிரம் சதுர லிங்க்ஸ் சரியாக ஒரு சென்ட். ஆனால் பரப்பளவை மாற்ற 0.66 உதவாது, அதன் வர்க்கமான 0.4356 வேண்டும். இங்கே தடுக்கி விழுபவர்களில் பட்டயம் வாங்கியவர்களும் உண்டு.

வீட்டு பிளான் கதை வேறு. மனையடி சாஸ்திரப்படி 9 அடி ஆகாது, அறையை 10 அடியாக்கு என்பார் வீட்டுக்காரர். அவசரத்தில் ஸ்கேல் கட்டளை போட்டால் அறையோடு சேர்ந்து 9 அங்குலச் சுவர் 10 அங்குலமாகும், 3 அடி வாசற்கால் 3 அடி 4 அங்குலமாகும். தேவைப்பட்டது ‘ஸ்ட்ரெட்ச்’; அது சுவரை நகர்த்தும், தடிமனைத் தொடாது. இதைவிடக் கொடுமை, கோட்டைத் தொடாமல் அளவு எண்ணை மட்டும் அழித்து 10 என்று தட்டச்சு செய்வது. சிலர் அதையும் செய்கிறார்கள்.

அச்சிடும்போது இன்னொரு சறுக்கல். ஏ3 தாளுக்குப் போட்ட பிளானை ‘ஃபிட்’ கொடுத்து ஏ4இல் எடுத்தால் எல்லாம் 70 சதவீதமாகச் சுருங்கும். ஓரத்தில் 1:100 என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். ஸ்கேல் வைத்து அளக்கும் மேஸ்திரிக்கு 10 அடி அறை 7 அடியாகத் தெரியும். படத்தின் மூலையில் ஒரு அளவுக்கோடு வரைந்திருந்தால் அதுவும் சேர்ந்து சுருங்கியிருக்கும், ஏமாற்றியிருக்காது.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்கு, 2024 ஜூலை முதல் தமிழக அரசு சுயசான்று முறையில் உடனடி அனுமதி தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அதிகாரி நேரில் வந்து பார்க்காத இடத்தில் வரைபடத்தின் நேர்மைதான் ஒரே காவல்.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய செலவும் இல்லை. தமிழகத்துப் புலப்படங்கள் தேசிய தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருளில் ஏற்கெனவே அளவுகளோடு ஏற்றப்பட்டிருக்கின்றன. மக்களுக்குக் கிடைப்பதோ பிடிஎஃப். 1982 டிசம்பரில் ஆட்டோகேட்டின் முதல் பதிப்போடு வந்த டிஎக்ஸ்எஃப் கோப்பை இன்று பெரும்பாலான வரைபட மென்பொருள்கள் திறக்கும். இணையதளத்தில் பிடிஎஃப்புக்குப் பக்கத்தில் அந்தக் கோப்பையும் வைத்தால் ஸ்கேன், ஜெராக்ஸ், அரை மில்லிமீட்டர் என்ற பேச்சே இருக்காது. நில அளவைத் துறை இதை உடனே செய்ய வேண்டும். அதுவரை, மனை வாங்குபவர்கள் வரைபடத்தில் ஒரு பக்கம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையாமல், இரண்டு மூலைவிட்டங்களையும் தரையில் டேப் பிடித்து அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.