உழைத்தவனுக்கும் உறங்கியவனுக்கும் ஒரே புள்ளியா?

படுவான்கரையில் வாய்க்கால் துப்புரவு செய்யும் நாளில் எல்லோரும் மண்வெட்டி பிடிப்பதில்லை. ஆயினும் எவர் வெட்டினார், எவர் வரம்பில் அமர்ந்து வெற்றிலை மென்றார் என்பதை வட்டவிதானை அறிவார். பக்கத்து வயற்காரரும் அறிவார். வயலில் மறையாத உண்மை வகுப்பறையில் மட்டும் மறைவதேன்?

இன்று பாடசாலைகளிலும் உயர்கல்வி நிலையங்களிலும் மாணவரைக் குழுவாக்கிச் செயற்றிட்டம் செய்விக்கும் வழக்கம் பரவியுள்ளது. வாவி நீரை ஆராய்வதாயினும், கிராமத்து வரலாற்றைத் திரட்டுவதாயினும், ஐவர் கையொப்பமிடுவர். சிலவேளை இருவரே உழைப்பர். புள்ளியோ ஐவருக்கும் ஒன்று. இதனைச் சமத்துவம் என்பாரும் உளர். நாம் அநீதி என்போம். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கடன்பட்டுப் பிள்ளையைப் படிப்பிக்கும் கமக்காரனுக்கு ஒவ்வொரு புள்ளியும் பெறுமதி உடையதன்றோ?

இக்குறை எமது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சிய வேளாண்மைப் பொறியியலாளர் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறிழுக்கச் செய்து கண்ட முடிவை 1913இல் வெளியிட்டார். எண்மர் சேர்ந்திழுத்தபோது, ஒவ்வொருவர் பங்கும் தனித்திழுக்கும் வலுவில் ஏறக்குறையப் பாதியாயிற்று.

பரிகாரம் யாது? குழுவினுள் நடந்ததை அறிந்தவர் குழுவினரே. அவர்களையே கேட்டல் வேண்டும். கூட்டத்திற்கு வந்தமை, தரவு திரட்டியமை, எழுதியமை, ஏற்றதை வேளைக்கு முடித்தமை என்பவற்றுக்கு ஒவ்வொருவரும் தம்மையும் தோழரையும் மதிப்பிடுக. குழுவின் புள்ளி 60 எனக் கொள்வோம். தோழரிடம் ஐவரும் பெற்ற மதிப்பீடு 5, 5, 4, 4, 2 எனின், சராசரி 4. ஒருவர் பெற்றதைச் சராசரியால் வகுத்து 60ஆற் பெருக்கினால் 75, 75, 60, 60, 30 என வரும். குழுப்புள்ளியைத் தனியாள் காரணியாற் பெருக்கும் வழியைக் கோல்ட்பிஞ்ச், ரேசைட் என்போர் 1990இல் விளக்கினர்.

ஆயினும், தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்பது இயற்கை நீதி. 1979இல் ரொஸ், சிக்கோலி என்னும் உளவியலாளர், வீட்டுக் கருமங்களில் அவரவர் பங்கு யாதெனக் கணவன் மனைவியரை வினவினர். பெரும்பாலான கருமங்களில் இருவரும் கூறிய பங்குகள் சேர்ந்து முழுமையை விஞ்சின! ஆகவே சுயகணிப்பீடு வாக்குமூலமேயன்றித் தீர்ப்பன்று. தோழர் சொல்லோடு ஒப்புநோக்கவே அது உதவுக.

தோழர் சாட்சியமும் பழுதற்றதன்று. ஊர், உறவு, சாதி, சமயம் பார்த்துப் புள்ளியிடலாம். நால்வர் கூடி ஒருவரை வீழ்த்தலாம். பேசவல்லவன் மேடையேற, இரவெல்லாம் எழுதிய மாணவி மறக்கப்படலாம். எனவே அளவைகள் வேலை தொடங்குமுன் அறிவிக்கப்படுக. மதிப்பீடு இரகசியமாகவும் காரணத்தோடும் எழுதப்படுக. வேலைக் குறிப்பேடு சான்றாகுக. குறை கூறப்பட்டவருக்கு மறுமொழி சொல்ல இடமளிக்கப்படுக. இறுதித் தீர்ப்பு ஆசிரியருடையதாகுக. அறுவடையில் தந்தைக்குத் துணைநின்றதால் கூட்டத்திற்கு வராத பிள்ளையின் நியாயமும் அப்பொழுதே கேட்கப்படும்.

இது வெறும் புள்ளிக்கணக்கன்று. எமது சங்கங்களில் உழைப்போர் சிலர், பெயர் பெறுவோர் பலர் என்பதை நாம் அறிவோம், அறிந்தும் வாய்மூடியிருக்கின்றோம். தோழன் உழைத்ததை உழைத்தான் என்றும், உழையாததை உழைத்திலன் என்றும் அஞ்சாது எழுதப் பழகிய பிள்ளை, நாளை கமக்காரர் அமைப்பின் கணக்கையும் அவ்வாறே எழுதும். அப்பழக்கம் வகுப்பறையில் இன்றே தொடங்குக.