யாருடைய விண்வெளி? மானியப் போட்டியில் மாநிலங்கள், ஒப்பந்தக் கூலியில் தொழிலாளர்கள்

தசரா நெருங்கினால் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்தும் அதை ஒட்டிய தாராவியிலிருந்தும் பல குடும்பங்கள் ஊருக்குப் புறப்படும். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் வேடம் கட்டி நேர்ச்சை செலுத்தப் போகிறவர்கள் அவர்கள். தாதரில் சாளுக்யா எக்ஸ்பிரஸ் ஏறினால் திருநெல்வேலியில் இறங்கலாம். தோல் பதனிடும் கூடங்களிலும் மாநகராட்சியின் துப்புரவுப் பணியிலும் மூன்று, நான்கு தலைமுறைகளைக் கழித்துவிட்ட நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்து உழைப்பாளி மக்களுக்கு அந்தத் தென்கோடிதான் இன்றும் ‘ஊர்’.

மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்கு இன்னொன்றும் பயணம் செய்கிறது. மாட்டுங்காவிலிருந்து ஐந்தாவது ரயில் நிலையம் விக்ரோலி. அங்குள்ள கோத்ரெஜ் ஆலையில் இஸ்ரோ ராக்கெட்டுகளின் விகாஸ் எஞ்சின்கள் தயாராகின்றன. அந்த வகை எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரி. வறுமையும் சாதிக் கொடுமையும் நெல்லையிலிருந்து மனிதர்களை மும்பைக்குத் தள்ளின. மும்பையின் தொழிலாளர்கள் செய்த எஞ்சின் நெல்லைக்குப் போகிறது. பிராந்திய விண்வெளித் தொழில் தொகுப்புகள், அவற்றுக்கிடையிலான ஒத்துழைப்பு என்று இன்று முதலீட்டாளர் மாநாடுகளில் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். அந்த ஒத்துழைப்பு பல பத்தாண்டுகளாக இங்கே இருந்து வருகிறது. அதைக் கட்டியவர்கள் பொதுத்துறை விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும்தான்.

1963 நவம்பர் 21 அன்று தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. தங்கள் தேவாலயத்தையும் நிலத்தையும் விட்டுக் கொடுத்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். பின்னர் ஸ்ரீஹரிகோட்டாவுக்காக இடம் பெயர்ந்தவர்கள் ஏனாதிப் பழங்குடியினர். திருவனந்தபுரத்தில் வடிவமைப்பு, பெங்களூரில் செயற்கைக்கோள், அகமதாபாத்தில் கருவிகள், மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை என்று நாடு முழுவதும் விரிந்த இந்த வேலைப் பிரிவினைக்கு எந்த மாநிலமும் இன்னொரு மாநிலத்தோடு ஏலம் போட வேண்டியிருக்கவில்லை. செலவு மக்களுடையது. அறிவும் மக்கள் சொத்தாகச் சேர்ந்தது.

இப்போது அந்தச் சொத்துக்குக் கதவு திறந்துவிடப்பட்டிருக்கிறது. 2020-இல் இன்ஸ்பேஸ் அறிவிப்பு, 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கை, 2024-இல் அந்நிய நேரடி முதலீட்டுக்கு அனுமதி. உதிரிபாகத் தயாரிப்பில் 100 சதவீதமும், செயற்கைக்கோள்களில் 74 சதவீதமும், ஏவுகலங்களில் 49 சதவீதமும் அந்நிய மூலதனம் அரசின் முன் அனுமதி இல்லாமலே நுழையலாம். மூன்றே முறை ஏவப்பட்ட சிறு ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி.; முதல் முறை, 2022-இல், தோற்றது. அந்தத் தோல்வியின் செலவும் 2023, 2024 வெற்றிகளின் செலவும் பொதுக் கருவூலத்துடையவை. பயிற்சி முடிந்து பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தொழில்நுட்பத்தை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்றில் ஒன்று, அதானி குழுமம் பங்கு வைத்திருக்கும் ஆல்ஃபா டிசைன் தலைமையிலான கூட்டமைப்பு. 2025 ஜூனில் எச்.ஏ.எல். நிறுவனம் 511 கோடி ரூபாய்க்கு அதைப் பெற்றது.

பொதுத்துறைதானே வென்றது என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. எச்.ஏ.எல்.-இன் பங்குகளையே 2018 முதல் ஒன்றிய அரசு தவணை தவணையாக விற்று வருகிறது. பொது ஆய்வுக்கூடத்தின் அறிவை ஏல மேடையில் வைக்கலாம் என்ற விதி நிலைபெற்றுவிட்டது. அடுத்த ஏலத்தில் யார் வெல்வார் என்பதற்கு விமான நிலையங்களையும் துறைமுகங்களையும் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

குலசேகரப்பட்டினத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். திட்டச் செலவு 986 கோடி. மாநில அரசு கையகப்படுத்திக் கொடுத்த நிலம் 2,200 ஏக்கருக்கு மேல். (அன்றைய நாளிதழ் விளம்பரத்தில் மாநில அமைச்சர் ஒருவர் சீனக் கொடி பொறித்த ராக்கெட் படத்தைப் போட்டுவிட்டார், பாஜக அதைக் கொண்டே தேர்தல் கூட்டங்களை ஓட்டியது. நிலம் கொடுத்தவர்களின் பெயரை இரு தரப்பும் சொல்லவில்லை.) இலங்கையின் மேல் பறக்காமல் நேராகத் தெற்கே ஏவ முடியும், எரிபொருள் மிச்சமாகும், ஆகவே சிறு ராக்கெட்டுக்கு இந்த இடம் பொருத்தம் என்பது அறிவியல்பூர்வமான வாதம். அதில் கட்சிக்கு மறுப்பில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த பனைத் தொழிலாளிக்கும், ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக்கூடாது என்று எச்சரிக்கப்படப் போகும் மீனவருக்கும் என்ன கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. அந்த எச்சரிக்கை என்னவென்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு நீண்ட நாளாகத் தெரியும்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அமைச்சரவை விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு ஒரு கோடி. இந்தத் துறையின் ஆய்வு, வடிவமைப்பு மையங்களுக்குச் சம்பளப் பட்டியலில் முதலாண்டு 30 சதவீதம், அடுத்த ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் என மானியம் உண்டு. முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே கொடுக்கிறது. அந்தச் சம்பளத்தைப் பேரம் பேசச் சங்கம் வைக்கும் உரிமைக்கு உத்தரவாதம் எங்கே? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காகவே 2024-இல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்.

தமிழ்நாட்டைத் தனித்துக் குறை சொல்வதில் பயனில்லை. அதே ஏப்ரலில் குஜராத் தன் கொள்கையை வெளியிட்டது. கர்நாடகத்தின் வரைவுக் கொள்கை நாட்டின் விண்வெளிச் சந்தையில் பாதியைத் தனக்கே குறிவைத்தது. ஆந்திரம் லேபாக்ஷியிலும் திருப்பதியிலும் விண்வெளி நகரங்கள் அமைத்து 25,000 கோடி ஈர்ப்போம் என்றது. தெலங்கானா 2022-லேயே தொடங்கிவிட்டது. ஒரே நிறுவனம் ஐந்து முதலமைச்சர்களின் மேசையில் ஐந்து விண்ணப்பம் வைத்து, எங்கே நிலம் மலிவு, எங்கே மின்கட்டணச் சலுகை அதிகம் என்று பேரம் பேசலாம். கூட்டாட்சி உரிமைகளைப் பற்றி நியாயமாகவே குரல் எழுப்பும் மாநில அரசுகள், மூலதனத்தின் முன்னால் மட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. தொகுப்புகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று இதற்குப் பெயர் சூட்டுவது மோசடி.

ஐரோப்பாவைப் பார் என்பார்கள். பார்ப்போம். ஐரோப்பிய விண்வெளி முகமையில் ஒரு நாடு எவ்வளவு பணம் போடுகிறதோ ஏறத்தாழ அந்த அளவுக்கு ஒப்பந்த வேலை அந்த நாட்டுத் தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி உண்டு. தூலூசும் பிரெமனும் அந்த விதியின் நிழலில் வளர்ந்தவை. இங்கே 2,200 ஏக்கர் கொடுத்த மாவட்டத்துக்கு அப்படி ஒரு எழுத்துப்பூர்வ உரிமை கூடக் கிடையாது. ஆனால் அந்த விதியும் மூலதனத்தைக் கட்டிப்போடவில்லை. 2024 அக்டோபரில் ஏர்பஸ் தன் பாதுகாப்பு, விண்வெளிப் பிரிவில் 2,500 வேலைகள் வரை குறைப்பதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து ஏர்பஸ், தாலெஸ், லியோனார்டோ மூன்றும் தங்கள் விண்வெளித் தொழிலை ஒன்றாக இணைக்க ஒப்புக்கொண்டன. தொகுப்புகளின் ஒத்துழைப்பு அங்கே போய் முடிந்தது: ஏகபோகத்தில். ஆயினும் பல நாட்டுத் தொழிலாளர் பிரதிநிதிகள் ஒரே மேசையில் அமரும் ஐரோப்பிய ஊழியர் மன்றங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அங்கே உண்டு. நம் ஆட்சியாளர்கள் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்ய விரும்பாத ஒரே பொருள் அதுதான் போலும்.

இங்கே இறக்கியது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை. தும்பா ராக்கெட்டின் அதே தேதியில், 2025 நவம்பர் 21 அன்று, அவை நடைமுறைக்கு வந்தன. 300-க்கும் குறைவான தொழிலாளர் உள்ள ஆலையை மூட இனி அரசின் அனுமதி தேவையில்லை. முன்பு அந்த வரம்பு 100. ராக்கெட் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு, நடுத்தரப் பட்டறைகள் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் விழும். மகாராஷ்டிர அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஆலை வேலை நேரத்தை நாளுக்கு 9-லிருந்து 12 மணி வரை நீட்டிக்க ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் இதே 12 மணி நேர மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பில் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. விக்ரோலித் தொழிலாளிக்கு 12 மணி நேரம் என்றால் தூத்துக்குடித் தொழிலாளியின் 8 மணி நேரம் எத்தனை நாள் நிற்கும்?

ராஞ்சியை மறக்கக்கூடாது. இஸ்ரோவின் ஏவுதளத்துக்குக் கட்டமைப்புகள் செய்து கொடுத்த பொதுத்துறை எச்.இ.சி. ஆலையில், சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்டில், தொழிலாளர்களுக்கு ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளம் பாக்கி. சந்திரயான்-3-க்கென்று தனியாக எதுவும் அங்கே செய்யப்படவில்லை, 2003 முதல் 2010 வரை சில பொருட்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. சம்பளம் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அது பதிலாகுமா?

மாட்டுங்காவிலோ வேறு கணக்கு நடக்கிறது. ராக்கெட் ஏலத்துக்கு வந்த அதே அதானி குழுமம்தான் தாராவி மறுசீரமைப்பையும் 5,069 கோடிக்கு எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆவணம் உள்ளவர்களுக்குத்தான் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே, விலைக்கோ வாடகைக்கோ. அந்த ‘வெளியே’ என்பதில் தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் முலுண்ட் உப்பளமும் அடக்கம். ஊரில் வேலையும் இல்லை, நிலமும் இல்லை என்று வந்தவரின் பேரன், இங்கே ஆவணம் இல்லாதவன் ஆகிறான். ஊரிலோ ஏவுதளத்துக்கு வேலி கட்டியாகிவிட்டது.

இந்தப் பேரனுக்கு மகேந்திரகிரியிலோ விக்ரோலியிலோ நிரந்தர வேலைக்கான பயிற்சி தரும் ஐ.டி.ஐ. ஒன்றைப் பற்றி எந்த மாநிலக் கொள்கையும் யோசிக்கவில்லை. சம்பள மானியம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், நிரந்தர வேலைகளில் உள்ளூர் மக்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் உரிய பங்கு வேண்டும், மீனவருக்கு ஏவும் நாளின் இழப்பீடு சட்டத்தில் எழுதப்பட வேண்டும், எஸ்.எஸ்.எல்.வி. வழியில் இன்னொரு தொழில்நுட்பம் ஏலத்துக்குப் போகக்கூடாது. மாநிலங்கள் ஒத்துழைக்க விரும்பினால், இந்தத் துறைக்கு ஒரே குறைந்தபட்ச ஊதியத்தை ஐந்து மாநிலங்களும் சேர்ந்து அறிவிக்கட்டும்.

அண்ணாபாவ் சாத்தே குடியிருந்த இடம் மாட்டுங்கா லேபர் கேம்ப். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து 1944-இல் அவர் தொடங்கிய செங்கொடிக் கலைக்குழு, மொழி கடந்து ஆலைத் தொழிலாளியைத் திரட்டியது. அந்தக் குடியிருப்பின் தமிழ்க் கிளைகளுக்கு இன்று ஒரு வேலை காத்திருக்கிறது. விக்ரோலி ஒப்பந்தத் தொழிலாளர்களின் கோரிக்கை மனுவும் தூத்துக்குடி மாவட்ட மீனவர்களின் கோரிக்கை மனுவும் ஒரே தாளில், மராத்தியிலும் தமிழிலும், தயாராக வேண்டும். 2026 டிசம்பருக்குள் குலசேகரப்பட்டினம் ஏவுதளப் பணிகளை முடிப்பதாக இஸ்ரோ சொல்லியிருக்கிறது. முதல் ராக்கெட்டுக்கு முன் அந்தத் தாள் இரு அரசுகளின் மேசைக்கும் போய்ச் சேர வேண்டும்.