நானோ வண்டி வரும் வரை

மாரடைப்புக்கு நானோ மருந்து வந்துவிட்டதாம் என்று சங்கத்தில் மாலை வேளைகளில் பேச்சு அடிபடுகிறது. நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன், மருத்துவன் அல்லன். படித்தும் விசாரித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்.

மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். அந்தக் கணக்கில் அளக்கும் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் மருந்தை அடைத்து இரத்தத்தில் விடுகிறார்கள். மாரடைப்பால் கெட்ட தசையில் இரத்தக் குழாய்ச் சுவர் கசியும். அந்தக் கசிவு வழியே உருண்டை உள்ளே புகும் என்பது எண்ணம். ஆனால் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. ஊர் போய்ச் சேர வேண்டிய சரக்கு வேகன் யார்டிலேயே முடங்கிக் கிடப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! புற்றுநோய்க்கு இம்முறையில் ஒரு மருந்து 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. மாரடைப்புக்கு இன்னும் ஆய்வு நிலைதான்.

நம் அவசரம் வேறு. காம்ப்பெல் பேயிலோ டிக்லிபூரிலோ ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், ஸ்ரீ விஜயபுரம் (என் வாய்க்கு இன்னும் போர்ட் பிளேர்தான்) வந்து சேர்வதற்குள் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருத்துவர் பார்த்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேடின் என்று 14 மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு அது. எல்லாம் மலிவான பழைய மாத்திரைகள்.

நம் தீவுகளில் எந்தெந்த சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் எந்நேரமும் இருக்கின்றன, இரவில் ஈ.சி.ஜி. எடுக்க ஆள் உண்டா என்று கேட்டு நம் சங்கம் நிர்வாகத்துக்கு மனு எழுத வேண்டும். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.