வயர்லெஸ் செட்டுக்குத் தனி வயரிங் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்புலன்ஸ், ரோந்து வண்டி, டாக்சி ஆகியவற்றில் வயர்லெஸ் செட்டின் பயன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. ஆனால், செட்டைப் பொருத்தும் முறையை அது தொடவே இல்லை. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் என்ற முறையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

50 வாட் செட், மைக்கை அழுத்திப் பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் மெல்லிய வயர் அதைத் தாங்காது. அண்மையில் பட்டறைக்கு வந்த ஒரு டாக்சியில் அந்த வயரின் மேலுறை உருகி, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. இணைப்பை நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட வேண்டும். செட்டின் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், நடுவில் வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. ஏர்பேக் விரியும் இடத்தில் செட்டைப் பொருத்தவே கூடாது. விரியும் வேகத்தில் செட் பயணியின் முகத்தில் வந்து மோதும். ஆன்டெனாவைத் தொட்டபடி யாராவது நிற்கும்போதும் பேசக் கூடாது.

ஒரு கையில் மைக், மறு கையில் ஸ்டீயரிங் என்று ஓட்டுநர்கள் திருப்பத்தில் வண்டியை வளைப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஓரங்கட்டிவிட்டுப் பேசலாமே!

தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் வண்டிகளில் பிரேக், விளக்குகளோடு இந்த வயரிங்கையும் சோதிக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஆட்டோ எலெக்ட்ரீஷியன், நாமக்கல்