ஏழுக்கு ஒரே வழிதானா?

என் பேத்தி இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள். சிற்றுண்டிக்குக் கூப்பிட்டும் வரவில்லை. சந்தேகப்பட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். "7-ஐப் பிரித்து எழுதுக" என்று ஒரு கணக்கு. அவள் 2 + 2 + 3 என்று எழுதியிருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மசியில் ஒரு கோடு. பக்கத்தில் 4 + 3 என்று "சரியான" விடை!

"இதை எப்படியம்மா போட்டாய்?" என்று கேட்டேன்.

"ஏழு முறுக்கு தாத்தா. எனக்கு ரெண்டு, தம்பிக்கு ரெண்டு, பாட்டிக்கு மூணு. தப்பா?"

அந்தத் "தப்பா?" என்ற கேள்விதான் என்னை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆசிரியை நல்லவர். வகுப்பில் நாற்பது குழந்தைகள். "விடைக் குறிப்பில் இருக்கிறபடிதானே சார் திருத்த முடியும்? ஆளுக்கொரு விடை எழுதினால் நான் என்ன செய்வது?" என்றார். அவர் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்ன காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதிய பகுதிகளைக் கூட்டினால் ஏழு வருகிறதா என்று பார்ப்பதற்கு விடைக் குறிப்பு எதற்கு? கைவிரல் போதும். பக்கத்தில் இருக்கும் குழந்தையையே கூட்டிப் பார்க்கச் சொன்னால், திருத்தும் வேலையும் பாதி குறையும். கூட்டலுக்கும் பயிற்சி ஆகும்.

"முதலில் கூட்டல் வரட்டும், பிரிப்பதெல்லாம் அப்புறம்" என்கிறவர்கள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். எட்டும் ஏழும் எத்தனை? பலரும் மனத்துக்குள் என்ன செய்கிறோம்? ஏழை இரண்டும் ஐந்துமாகப் பிரித்து, இரண்டை எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மிச்சத்தைக் கூட்டிப் பதினைந்து என்கிறோம். பிரிக்கத் தெரிந்ததனால்தான் கூட்ட வருகிறது! மளிகைக் கடையில் 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள். கடைக்காரர் முதலில் ஏழு ரூபாயை வைத்து "எழுபது" என்பார். பிறகு முப்பதை வைத்து "நூறு" என்பார். அவரிடம் போய் 37-ஐ இப்படிப் பிரிக்கக் கூடாது என்று யாராவது கோடு கிழிப்பார்களா?

வாய்ப்பாட்டுக்கு நான் விரோதி அல்ல. மனப்பாடம் வேண்டியதுதான். ஆனால் ஒரு கணக்குக்குப் பல விடைகள் இருக்கும்போது ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தப்பு என்று சொல்லிக் கொடுப்பது பொய் சொல்லிக் கொடுப்பதாகும்.

ஏழை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் தெரியுமா? முன்பின்னாக மாற்றிப் போடுவதைச் சேர்க்காமல், ஏழை ஏழாகவே விடுவதையும் சேர்த்தால், பதினைந்து விதம். பத்துக்கு 42. நூறுக்கு 19,05,69,292! இந்தப் பிரிவினைகளின் எண்ணிக்கையைக் கண்டறியும் வழியை 1918-இல் ஹார்டியுடன் சேர்ந்து வெளியிட்டவர், கும்பகோணத்துத் தெருக்களில் நடந்து பள்ளிக்கூடம் போன நம் ராமானுஜன். அவருடைய புகழ் பெற்ற ஆராய்ச்சிகளில் ஒன்று இது. எல்லாக் குழந்தையும் ராமானுஜன் ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நுழைந்த வாசலில் நம் குழந்தைகள் எட்டிப் பார்க்கும்போது கதவைச் சாத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பெற்றோர்களே, இதற்குக் காசு செலவில்லை. ஏழு புளியங்கொட்டையும் மூன்று கிண்ணமும் கொடுங்கள். குழந்தை பிரித்து வைத்ததும் "வேறு எப்படி?" என்று மட்டும் கேளுங்கள். கிண்ணம் காலியாக இருக்கலாமா என்று அது திருப்பிக் கேட்டால், சந்தோஷப்படுங்கள். பூஜ்யத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று இரவு அவளுடைய நோட்டில், 2 + 2 + 3-க்குப் பக்கத்தில், பென்சிலால் 'சரி' என்று போட்டேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ டீச்சர் இல்லையே, தாத்தா" என்றாள். பிறகு ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டாள்.